மீன் குழம்பு கசந்த கதை

மேட்டூருக்குக் குடிவந்த புதிதில் அணை மீன், அதுவும் ஜிலேபிக் கெண்டை, முழுசாக வாங்கி நானே கழுவிச் சமைக்க ஆரம்பித்தேன். மூன்று தடவையும் குழம்பு கசந்தது. முதலில் வெந்தயம் கருகிவிட்டது என்று நினைத்து அடுத்த முறை வெந்தயமே போடவில்லை, அப்போதும் கசப்பு. அப்புறம் புளியை மாற்றினேன். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வுதான் காரணம் என்று யாரோ சொல்ல, கல்லுப்பு வைத்துத் தேய்த்து எடுத்தேன். கவிச்சி குறைந்தது, கசப்பு அப்படியே.

மூன்றாவது நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். தலைக்குப் பக்கத்துத் துண்டுகள் மட்டும் கசந்தன, வால் துண்டு நன்றாகவே இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதும், "பித்தை உடைச்சிருப்ப தம்பி, கத்திய ஆழமா விடாத" என்றார்.

சரிதான். ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக, பட்டாணி அளவுக்குக்கூட இல்லாத ஒரு பை, கசப்பான பித்தநீர் இருக்கும் பித்தப்பை. நான் கத்தியை ஆழமாக இறக்கி ஒவ்வொரு முறையும் அதைக் கிழித்திருக்கிறேன். இப்போது கழிவுத் துளையிலிருந்து தலைப்பக்கமாக, கத்தி நுனியால் தோல் மட்டும் அறுபடும்படி கீறி, குடலை மொத்தமாக விரலால் வழித்து எடுக்கிறேன். அப்படியும் உடைந்தால் சதையில் மஞ்சள் பச்சையாகக் கறை தெரியும், எத்தனை தண்ணீரில் அலசினாலும் முழுசாகப் போகாது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுகிறேன். நேற்று வெந்தயம் போட்டே வைத்தேன், கசக்கவில்லை.