அச்சுப்பிழை நாணயமா, அடிபட்ட நாணயமா?

கடை அண்ணாச்சியிடமோ பேருந்து நடத்துநரிடமோ வாங்கும் சில்லறையில் ஓரம் நறுங்கிய காசு வந்தால், முதலில் நறுங்கலுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மங்கலாக, தட்டையாக இருந்தால் பெரும்பாலும் அச்சகத்திலேயே நேர்ந்த உண்மையான பிழைதான். அச்சிடுமுன் தகட்டை உருட்டி விளிம்பு எழுப்பும்போது, வெட்டுப்பட்ட இடத்தின் எதிர்ப்பக்கம் அழுத்தம் விழாது; அதனால் வரும் அடையாளம் இது. இரண்டு பக்க விளிம்பும் கூர்மையாக இருந்தால் அரம் போட்ட வேலை என்றே சந்தேகப்படுங்கள்.

காசு அடிக்கும் அச்சில் விரிசல் விட்டிருந்தால், அந்தக் கோடு காசில் மேடாக நிற்கும். குழிந்த கோடு வெறும் கீறல்.

அச்சு திரும்பியதை, அதாவது ஒரு பக்கம் மறுபக்கத்துக்குச் சாய்வாக விழுந்ததைக் கண்டுபிடிக்க, தலைப்பக்கம் நிமிர்ந்திருக்கும்படி மேலும் கீழும் இரு விரலால் பிடித்து, பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாணயங்களில் பின்பக்கமும் நிமிர்ந்தே வரவேண்டும். சில பாகை சாய்வு சாதாரணம்; தொண்ணூறு, நூற்றெண்பது பாகைதான் எடுத்துவைக்கத் தக்கது.

ஆண்டுக்குக் கீழே, எந்த அச்சகம் என்று காட்டும் குறி இல்லையென்று அதிக விலை சொன்னால் ஏமாறாதீர்கள். குறி இல்லாதது கொல்கத்தா அச்சகம். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி.

தாமிரபரணியில் அரித்தெடுக்கும் செம்புக் காசு மெலிந்து, எழுத்து தேய்ந்திருக்கும். அது தண்ணீர் தின்றது, பிழையல்ல. எடை பார்க்க 0.01 கிராம் தராசு போதும்: 2011-இல் அறிமுகமான வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85.

புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், மேற்பரப்பு போனால் மதிப்பும் போச்சு.