மலைப்பாதையில் ரேடியோ இரைகிறதா? ஏரியலை முறுக்காதீர்கள்

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலைப்பாதையில் வண்டி ஏறும்போது கவனித்திருப்பீர்கள். அதுவரை சுத்தமாக வந்த பாட்டுக்குப் பின்னால், ஒரு வளைவு திரும்பியதும் ‘சர்ர்’ என்று இரைச்சல். எஃப்எம் ரேடியோவில் ‘எஸ்டி’ விளக்கு (ஸ்டீரியோ, அதாவது இடது வலது ஒலி தனித்தனியாக வருவதைக் காட்டுவது) அணைந்து அணைந்து எரியும். உடனே ஏரியலை முறுக்குவோம். கம்பத்தில் எனக்குத் தெரிந்த டிரைவர் அண்ணன் ஒருவர் செட்டையே மாற்றிவிட்டார். புது செட்டும் அதே வளைவில் இரைந்தது!

விஷயம் சப்கேரியரில், அதாவது துணை ஊர்தி அலையில் இருக்கிறது. ஏலத்தோட்ட ஜீப்பின் கூரையில் ஒரு சைக்கிள், அந்த சைக்கிளின் கூடையில் ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்தான் நிலையத்தின் ஊர்தி அலை, சைக்கிள் துணை ஊர்தி அலை, பொட்டலம் அது சுமக்கும் ஒலி. ஆகவே அதை டயலில் தேடுவது வீண். 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிலையம் ஸ்டீரியோவில் ஒலிபரப்பினால், 100.538-இல் தனியாக எதுவும் கேட்காது. 100.5-ஐப் பிரித்தெடுத்த பிறகுதான் உள்ளே 38 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியரின் சங்கதி கிடைக்கும்.

படித்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: இடது ஒலி நேராகவும் வலது ஒலி சப்கேரியரிலும் வருகிறது என்று நினைப்பது. அப்படியானால் தாத்தாவின் பழைய மோனோ (இடது வலது பிரிக்காத) பெட்டியில் பாதிப் பாட்டுதான் கேட்டிருக்கும். நேராக வருவது இடதும் வலதும் சேர்ந்த கூட்டல், 15 கிலோஹெர்ட்ஸ் வரை. சப்கேரியரில் வருவது இரண்டின் கழித்தல், 23 முதல் 53 வரை. அந்த 38-ஐக்கூட நிலையம் அனுப்புவதில்லை. 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டை, அதாவது வழிகாட்டிச் சிக்னலை மட்டும் அனுப்பும், ரேடியோ அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பைலட் தெரிந்தால் ‘எஸ்டி’ விளக்கு எரியும்.

எஃப்எம்மில் பிரித்தெடுத்த ஒலியின் அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறும். அதனால் சிக்னல் மெலிந்தால் முதல் அடி கழித்தலுக்குத்தான். மோனோவுக்கு மாற்றினால் அது விலகிவிடும், பாட்டு தெளியும். அவ்வளவுதான்.

அப்புறம் செல்போன் 4ஜி. அதிலும் சப்கேரியர்கள் உண்டு. அங்கே சப்கேரியர்களுக்கு நடுவே காலி இடம் விட்டிருப்பார்கள் என்பது தவறான எண்ணம். 20 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையில் 1200 சப்கேரியர்கள், 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்று படிந்தே நிற்கின்றன. ஒன்றின் உச்சியில் மற்றவை எல்லாம் பூஜ்யம் ஆவதால்தான் குழப்பமில்லை. ‘மலையில் எதிரொலித்து நெட் கெடுகிறது’ என்பதும் பெரும்பாலும் சரியல்ல. ஒவ்வொரு குறியீட்டுக்கும் (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டுக்கும்) முன்னால் சுமார் 4.7 மைக்ரோவினாடி காப்பு நேரம் உண்டு. எதிரொலி 1400 மீட்டர் வரை கூடுதலாகச் சுற்றி வந்தாலும் தாங்கும். மலை மறைத்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த வளைவு வரை பொறுக்க வேண்டியதுதான்.