கோடையின் எளிய சுகங்களைக் கெடுக்கும் தவறுகள்

மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசிவரை நீளும் அக்கினி நட்சத்திர நாட்களில், பானைத் தண்ணீர், நுங்கு, பதநீர், மொட்டைமாடித் தூக்கம் ஆகிய செலவு குறைந்த சுகங்களைத் தேடிப் போய், "முன்புபோல் இல்லை" என்று கைவிடுபவர்கள் தமிழ்நாட்டில் பலர். குறை பெரும்பாலும் அவற்றில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தையும் நேரத்தையும் நாம் தவறவிடுகிறோம்.

பானையையே எடுத்துக்கொள்வோம். மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால்தான் தண்ணீர் குளிர்கிறது. ஆகவே அழகுக்காகப் பெயின்டோ வார்னிஷோ பூசிய பானையை வாங்குவது, குளிர்ச்சிக்கான வழியை நாமே அடைத்துவிடுவதாகும். காற்று நுழையாத சமையலறை மூலையில் வைப்பதும் அதே அளவு தவறு; சன்னலோரம், நிழலில், ஈர மணல்மேல் வைக்கப்பட்ட பானைதான் தன் வேலையைச் செய்யும். புதுப்பானையின் மேற்புறம் வியர்த்தாற்போல் நனைந்திருப்பதைக் கண்டு, ஓட்டைப் பானை என்று கடைக்காரரிடம் திருப்பித் தருபவர்கள் உண்டு. அந்த ஈரம் நல்ல பானைக்கு அடையாளம். ஓரிடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகினால்தான் விரிசல் என்று கொள்ள வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் வாடை மண்ணில் தங்கிவிடும் என்பதால் தேங்காய் நாரும் வெறும் தண்ணீரும் போதும். உப்புத் தண்ணீர் ஊற்றிவந்தால் நாளடைவில் துளைகள் அடைபடுகின்றன. கோடைதோறும் புதுப்பானை வாங்கும் வழக்கத்துக்கு அதுவும் ஒரு நியாயம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில், மதுரையிலும் வேலூரிலும் குளிர்வதுபோல் பானைத் தண்ணீர் குளிராது என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மொட்டைமாடியில் படுப்பவர்கள் செய்யும் தவறு நேரத்தைச் சார்ந்தது. பகலெல்லாம் வெயிலை உள்வாங்கிய தளம் இரவு நெடுநேரம்வரை அனலைக் கக்கும். சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் தெளித்து, உடனே பாயை விரித்தால் எஞ்சுவது புழுக்கமே. பொழுது சாயும்போதே தெளித்துவிட்டால், நீர் ஆவியாகித் தளம் ஆறுவதற்குப் போதிய நேரம் கிடைக்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள தெருவில் குடிநீரை இதற்குச் செலவிடுவது எனக்கு உடன்பாடில்லை, துணி அலசிய நீரே இதற்குப் போதும். அதன்மேல் தடித்த பஞ்சு மெத்தையை விரிப்பதைவிட, உடல் சூட்டைத் தேக்காத கோரைப்பாயை விரிப்பது நல்லது.

பதநீர் காலைக்குரியது. கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர, அடியோடு தடுத்துவிடாது. பாட்டிலில் அடைத்து மாலைவரை வைத்திருந்து குடிப்பவருக்கு அதன் உண்மையான சுவை தெரிய வாய்ப்பில்லை. நுங்கிலும் இளசாகப் பார்த்து, வெட்டிய இடத்திலேயே கண்ணில் விரலை விட்டு உறிஞ்ச வேண்டும். முற்றிய கடுக்காய் நுங்கு வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

மாம்பழத்தில் நம் அவசரமே தவறு. பருவம் வருமுன்பே பழம் கேட்கும் நம் ஆசையால்தான் கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கும் வியாபாரம் நிற்கவில்லை. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளே அதைத் தடைசெய்திருக்கின்றன. தோல் ஒரே சீரான மஞ்சளாக இருந்தும் காம்பருகே மணமில்லாத பழத்தை ஐயத்துடன் பார்ப்பது நல்லது. முற்றிய காய்களாக வாங்கி, வீட்டிலேயே வைக்கோலில் பரப்பி மூடி வைத்தால், சில நாட்களில் அறை முழுதும் மணக்கத் தொடங்கும். அதுவரை கத்தியை எடுக்க வேண்டாம்.