கிரியோலில் பேசிய கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் மினிட்ஸ் எழுதுவது எப்படி?

மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலர் தலையில் முதலில் விழுவது இந்தப் பொறுப்புதான். பேச்சு முழுக்க கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழி), நடுநடுவே பிரெஞ்சு, ஆனால் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) மட்டும் ஆங்கிலத்தில் வேண்டும். மொழி கலந்து புழங்குவது இங்கே சகஜம். அரசியலமைப்பின் 49-ஆவது பிரிவே சட்டமன்றத்தின் அலுவல் மொழி ஆங்கிலம், உறுப்பினர்கள் பிரெஞ்சிலும் பேசலாம் என்கிறது. அதனால் மொழியை நினைத்து மலைக்காதீர்கள். யார், எதை, எப்போதுக்குள் செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்பது பிடிபட்டால் போதும்.

முதல் படி: அஜெண்டாவை முந்தின நாளே வாங்கி, ஒவ்வொரு தலைப்புக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் முடிவு, வலப்பக்கம் வேலை. நான் லேப்டாப் பக்கமே போவதில்லை, பேனாதான். டைப் அடிக்க உட்கார்ந்தால் காதில் விழுவதையெல்லாம் அடிக்கத் தோன்றும். போனில் பதிவு செய்வதென்றால் எல்லோரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், 2017-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தானாக எழுத்தாக்கும் வசதியை நம்ப வேண்டாம், கிரியோலைப் பிரெஞ்சென்று நினைத்துக்கொண்டு எதையோ எழுதி வைக்கிறது.

இரண்டாவது படிதான் எனக்குப் பிடிபட நாளானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒருவர் 'நூ பூ கெத்தே' என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். எல்லோரும் தலையாட்டுவார்கள், அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் அங்கே முடிவும் இருக்காது, வேலையும் இருக்காது, நாமாக 'ஸ்டாக் அறிக்கை விரைவில் அனுப்பப்படும்' என்று எழுதிவைப்போம். அனுப்பப்படும் என்றால் யார் அனுப்புவது? அடுத்த கூட்டத்தில் அதே தலைப்பு அப்படியே திரும்பி வரும். இதை எழுத்தில் சரிசெய்ய முடியாது, கூட்டத்திலேயே கேட்டால்தான் உண்டு. "சரி, இதை யார் பெயரில் போடட்டும், எந்தத் தேதி போடட்டும்?" இவ்வளவுதான் கேள்வி. புதிதாகச் சேர்ந்தவர் கேட்டாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, மினிட்ஸ் எழுதுபவருக்கு அந்த உரிமை உண்டு. அப்புறம் அதே வரி இப்படி மாறும் (எழுதுவது ஆங்கிலத்தில், இங்கே புரிவதற்காகத் தமிழில்): 'அக்டோபர் ஸ்டாக் அறிக்கையைக் கணக்குப் பிரிவு மேலாளர் நவம்பர் 14 மாலை 4 மணிக்குள் (மொரீஷியஸ் நேரம்) அனுப்புவார்.'

அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'மொரீஷியஸ் நேரம்' என்பதை விட்டுவிடாதீர்கள், மினிட்ஸைச் சென்னையிலும் பாரீஸிலும் இருப்பவர்களும் படிக்கலாம். சென்னை மொரீஷியஸைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே, அது மாறாது. பாரீஸ் கோடையில் இரண்டு மணி நேரம் பின்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மூன்று மணி நேரம் பின்னே. தேதி போடும்போது நாள்காட்டியையும் பாருங்கள். பிப்ரவரி 1, மார்ச் 12, நவம்பர் 2, தைப்பூசக் காவடி எல்லாம் இங்கே விடுமுறை, பாரீஸ்காரருக்கு அது தெரிந்திருக்காது.

மூன்றாவது, எழுதுவது. விவாதத்தை எழுதாதீர்கள். முடிவுக்குக் காரணம் தேவைப்பட்டால் ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம். வேர்டில் மொழியைப் பிரிட்டன் ஆங்கிலம் என்று வைத்துவிடுங்கள். அலுவலகக் கணினி பலதும் பிரெஞ்சில் இருக்கும், பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடாகத் தெரியும்.

நான்காவது, அன்றே அனுப்புங்கள். இணைப்பைத் திறக்காதவர்கள்தான் அதிகம், எனவே வேலைப் பட்டியலை மெயிலிலேயே மேலே போட்டு, முழு மினிட்ஸை இணையுங்கள். திருத்தம் சொல்ல ஒரு கடைசித் தேதியும் கொடுங்கள்.

பின்சேர்க்கை: கூட்டத்துக்கு வராதவர் தலையில் வேலையைக் கட்டிவிட்டார்களே, என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் விட்டுவிட்ட இடம். வராதவர் பெயரை நேராகப் போடாதீர்கள். அவர் பெயரைச் சொன்னவர் யாரோ அவர் பெயரில், 'இன்னாரிடம் பேசி ஒப்புதல் வாங்குவார்' என்று தேதியோடு எழுதுங்கள். ஒப்புதல் வந்ததும் அடுத்த மினிட்ஸில் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.