காவிரி நீர்நிலவரம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்று நிலவரம் எழுதப் புதிதாக வருபவர்களின் படிகளைத் திருத்தும்போது, எங்கள் காலத்தில் செய்யப்பட்ட அதே பிழைகள் வரி மாறாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். ஊர்ப்பெயர்ப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் திருத்திவிடலாம்.

அடியை வைத்து நீரை அளப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மேட்டூர் நீர்மட்டம் 60 அடியைத் தொட்ட நாளில், "அணை பாதி நிரம்பியது" என்ற தலைப்போடு ஒருவர் கட்டுரையை நீட்டினார். முழு மட்டம் 120 அடி என்பதால் பாதி என்று கணக்குப் போட்டுவிட்டார். ஆனால் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), 60 அடியில் இருப்பது ஏறத்தாழ 25 டிஎம்சி, அதாவது கால் பங்கைச் சற்றே தாண்டிய அளவு மட்டுமே. நீர்த்தேக்கம் அடிப்பகுதியில் குறுகி, மேலே போகப் போகப் பள்ளத்தாக்கெங்கும் பரந்து விரிவதால், மேல் 60 அடிக்குள்தான் பெரும்பகுதி நீர் அடங்குகிறது. நீர் இறங்கிப் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரியும் காலத்தில் பரிசல் துறையில் நின்று பார்த்தவருக்கு, எவ்வளவு நிலம் கரையாக மாறிவிட்டது என்பது விளங்கும். அந்தத் தலைப்பு அப்படியே வெளியாகியிருந்தால், அதை நம்பிக் குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருப்பவர் டெல்டா விவசாயி, நட்டமும் அவருக்குத்தான்.

இதே பிழைக்கு இன்னொரு முகமும் உண்டு. விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் வந்தால் 0.86 டிஎம்சி சேரும். வெளியேற்றம் இல்லாவிட்டால் 60 அடியை ஒட்டி மட்டம் ஓரடிக்கு மேல் உயரும். 120 அடியை நெருங்கும்போது அதே நீர் அரையடி அளவே உயர்த்தும். இதைப் பார்த்து "நீர்வரத்து குறைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். வரத்து அப்படியேதான் இருக்கிறது, பரப்புதான் கூடியிருக்கிறது.

அணைக்கு அணை அடியை ஒப்பிடுவது அதைவிட மோசம். கர்நாடகத்தில் காவிரியின் மேல்பகுதியிலுள்ள கிருஷ்ணராஜசாகரின் முழு மட்டம் 124.80 அடி, கொள்ளளவோ 49.45 டிஎம்சி. அடியில் மேட்டூரை மிஞ்சுகிறது. நீரில் அதன் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

கன அடியும் டிஎம்சியும்

விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓட்டம், டிஎம்சி என்பது இருப்பு. விநாடிக்கு சுமார் 11,574 கன அடி ஒரு நாள் ஓடினால் 1 டிஎம்சி.

கல்லணையில் நீர் இருப்பு

கல்லணை நீரைத் தேக்கி வைப்பதில்லை, பிரித்து விடுகிறது. அங்கே இருப்பு கேட்காதீர்கள்.

கொள்ளிடம் துணையாறு அல்ல

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து செல்லும் கிளை அது.

பவானிசாகர் நீரை மேட்டூரில் சேர்ப்பது

பவானி காவிரியோடு கூடுவது மேட்டூருக்குக் கீழே, பவானி கூடுதுறையில். அமராவதி கரூரைத் தாண்டி இன்னும் கீழே சேர்கிறது. ஆகவே நீலகிரியில் கொட்டும் மழையால் பவானி ஆற்றின் பவானிசாகர் அணை நிரம்பினாலும் மேட்டூர் மட்டம் ஓர் அங்குலமும் உயராது. அதற்குக் குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, கர்நாடக அணைகளான கிருஷ்ணராஜசாகரும் கபினியும் திறக்கப்பட்டு, மாநில எல்லையில் நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலுவைக் கடந்து நீர் வர வேண்டும்.