ஸ்பேம் குறையாததற்குக் காரணம் டிஎன்எஸ்

அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் ஸ்பேமை வடிகட்டும் ஸ்பேம்அசாசினும் ஓடும் சிறிய அலுவலக சர்வர். ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் ஜென் பட்டியலை (அஞ்சல் ஏற்கக்கூடாத ஐபி முகவரிகளின் பட்டியல்; இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் வழியாகத் தேடுவது) இணைத்திருந்தும் குப்பை அஞ்சல் குறையவில்லை. 127.0.0.2 என்ற சோதனை முகவரியை டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கட்டளையால் அந்தப் பட்டியலில் தேடியதும் விஷயம் புரிந்தது: வந்த பதில் 127.255.255.254. பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விக்குப் பதில் கிடையாது என்று அதற்குப் பொருள். சர்வர் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, கேள்வியை வேறொரு டிஎன்எஸ்ஸுக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டர் எதுவும் வைக்காமல், டிஎன்எஸ் முகவரியை 127.0.0.1 (அதாவது இதே சர்வர்) என்று மாற்றினேன். இப்போது சோதனைக்கு 127.0.0.2 என்ற சரியான பதில் வருகிறது.

போஸ்ட்ஃபிக்ஸில் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களுக்கு மட்டும் நிராகரிக்கச் சொல்லுங்கள். இந்த வரம்பு இல்லாவிட்டால் மேலே சொன்ன பிழைக்குறியையும் ஸ்பேம் என்று எடுத்துக்கொண்டு, வரும் அஞ்சலையெல்லாம் திருப்பிவிடும். கடவுச்சொல் கொடுத்து அனுப்புவோரை அனுமதிக்கும் விதி இந்தச் சோதனைக்கு முன்னால் வரவேண்டும். வீட்டு இணைய முகவரிகள் பலவும் ஜென் பட்டியலில் உள்ளவைதான். வரிசை மாறினால் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் அஞ்சல் போகாது.

அடுத்தது பேய்ஸ், அதாவது மாதிரி அஞ்சல்களிலிருந்து ஸ்பேமை அடையாளம் காணக் கற்கும் ஸ்பேம்அசாசினின் பகுதி. ஸ்பேம் 200, நல்ல அஞ்சல் 200 கற்றுக்கொடுக்கும்வரை அது மதிப்பெண்ணே போடாது. பலரும் ஸ்பேமை மட்டும் ஊட்டிவிட்டுக் காத்திருப்பார்கள்! பயிற்சிக் கட்டளையை ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) ஓட்டினால் கற்றது ரூட்டின் கோப்பில் போய்ச் சேரும்; வடிகட்டி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதிலேயே ஓட்டுங்கள். மாதிரிகளை ஃபார்வர்டு செய்து வாங்காதீர்கள், தலைப்புவரிகள் (ஹெடர்கள்) மாறிவிடும். அவற்றை நகர்த்திவைக்க, ஐமேப்பில் (அஞ்சலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) தனி ஃபோல்டர் போதும்.

ஸ்பேம்அசாசின் ஒரு அஞ்சலை ஸ்பேம் என்று முடிவுசெய்யும் வரம்பு மதிப்பெண் 5-ஐ நான் தொடவில்லை.