மாத்திரையை நிறுத்திவிட்டு ஹீலரிடம் போகிறவர்கள் கவனிக்க

மன உளைச்சலுக்குக் கவுன்சலிங் போவது இப்போது ஓரளவு சகஜமாகிவிட்டது. கூடவே ரெய்கி, மலர் மருத்துவம், தொடு சிகிச்சை, தியான முகாம் என்று தேடிப் போகிறவர்களும் உண்டு. இவற்றில் பலவும் தம்மளவில் பெரிய கெடுதல் செய்வதில்லை. மலர் மருந்தையே பாருங்கள். 1930களில் எட்வர்ட் பாச் என்ற ஆங்கிலேய மருத்துவர் உருவாக்கிய 38 வகை மருந்துகள் அவை. சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் சொட்டைவிட அவை கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. யாரையும் படுக்கையில் தள்ளியதாகவும் இல்லை. (பிராந்தி கலந்த சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவர் அதைத் தொடக்கூடாது.) அந்தச் சிகிச்சையை நம்பி எதை நிறுத்துகிறோம், எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அதிகம் நடப்பது, மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பக்க விளைவோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். வாய் உலர்கிறது, வயிறு புரட்டுகிறது, மனசு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு ஹீலரின் நம்பரைக் கொடுப்பார்கள். அவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும், “இங்கிலீஷ் மருந்தையெல்லாம் நிறுத்துங்க.” நிறுத்திய சில நாளில் தலைசுற்றல், குமட்டல், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஓர் உணர்வு, காரணமில்லாத எரிச்சல். கேட்டால், “உடம்பு கழிவை வெளியேத்துது, நல்லதுதான்” என்பார். அது கழிவு இல்லை. மருந்தைச் சட்டென்று விட்டதன் விளைவு. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்திருந்தால் இவற்றில் பெரும்பகுதி வந்தே இருக்காது.

மனச்சிதைவு, இருதுருவ நோய் (பைபோலார்) உள்ளவர்களிடம் நடப்பது இன்னும் ஏமாற்றக்கூடியது. மாத்திரையை விட்டதும் மந்தம் விலகி ஆள் சுறுசுறுப்பாகத் தெரிவார். வீட்டில் எல்லோரும் ஹீலருக்கு நன்றி சொல்வார்கள். நோய் திரும்புவது பல வாரம், சில சமயம் பல மாதம் கழித்து. அப்போது அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சாப்பிடும் மாத்திரையை மறைப்பது அடுத்த தவறு. இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரையை எடுப்பவர் இயற்கை மருத்துவ முகாமில் சேர்ந்து உப்பில்லாச் சாப்பாடு, ஜூஸ் விரதம், நீராவிக் குளியல் என்று இருந்தால், உடம்பில் உப்பும் நீரும் குறைந்து இரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அது நச்சு அளவுக்குப் போயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆன்லைனில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ப்பது ஆபத்து. கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைக்கும். நம் ஊர் அமுக்கராவும் தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். ஆக, மருத்துவரிடம் லேகியத்தைச் சொல்லுங்கள், வைத்தியரிடம் மாத்திரையைச் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

பத்து நாள் விபாசனா முகாமின் விண்ணப்பத்தில் மனநோய் இருந்ததா என்று கேட்பது சும்மா இல்லை. நாள் முழுக்க மௌனமும் நீண்ட தியானமும் சிலருக்குப் பழைய நோயைக் கிளப்பிவிடும். இடம் கிடைக்காதே என்று அங்கே ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.

கவுன்சலிங்கிலும் தவறுகள் உண்டு. பிள்ளையை அழைத்து வந்து, “நல்லா புத்தி சொல்லுங்க மேடம்” என்று விட்டுவிட்டு, முடிந்ததும் “என்ன சொன்னான்?” என்று கேட்கும் பெற்றோர் ஏராளம். புத்தி சொல்ல வீட்டில் ஆள் பஞ்சமா என்ன? பேசியது வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கவுன்சலர் வீட்டாரிடம் பேசியாக வேண்டும். ஒரே சிட்டிங்கில் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதும் வேண்டாம். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு 6 முதல் 20 சிட்டிங் வரை ஆகும். இடையில் வீட்டுப்பாடமும் உண்டு.

யாரிடம் போகிறோம் என்பதையும் விசாரியுங்கள். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சலர் என்று போர்டு மாட்டிக்கொள்கிறார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகத் தேவையில்லை. மருந்து எழுத வேண்டியவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவம் படித்தவர். தைராய்டு குறைவும் பி12 குறைபாடும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும் என்பதால் ஒரு இரத்தப் பரிசோதனை முதலிலேயே நல்லது.

கோயில், தர்கா என்று போவதைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. “நோய்க்கும் பார், பேய்க்கும் பார்” என்று நம்மவர்கள் இரண்டையும் சேர்த்தேதான் சொன்னார்கள். நோய்க்குப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. இன்று ஏர்வாடி தர்காவிலேயே தொழுகையோடு அரசு மனநல மருத்துவமும் கிடைக்கிறது.

சாவைப் பற்றிப் பேசுகிறவர், காதில் குரல் கேட்கிறது என்பவர், நாள்கணக்கில் தூங்காமல் பரபரப்பாக இருப்பவர் ஆகியோருக்கு எந்த ஹீலரின் அப்பாயின்ட்மென்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்வரை பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.